கண்காட்சிக்குப் போகுமுன்: நாணயச் சேகரிப்பாளர் கேள்வி–பதில்

நாணயக் கண்காட்சி நடக்கும் மாதங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் கூடிவிடுகின்றன. பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். ‘என்னிடம் உள்ள இந்த ஒரு நாணயம் என்ன விலை போகும்?’ என்று படம் மட்டும் அனுப்பியவர்கள் மன்னிக்க வேண்டும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் விலை சொல்வது ஜோசியம்.

கேள்வி: முதல்முறையாக நாணயக் கண்காட்சிக்குப் போகிறேன். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? எந்த நேரத்தில் போனால் நல்லது?
— வாசகர், செங்காங்

நான்கு கருவிகள் போதும்: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, பிளாஸ்டிக்கால் ஆன வெர்னியர் அளவி, ஒரு நியோடிமியம் காந்தம். எல்லாம் சேர்ந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அடங்கிவிடும். 20 மடங்கு, 30 மடங்கு என்று எழுதியிருக்கும் லென்ஸ் வேண்டாம். அதில் நாணயத்தின் ஒரு மூலைதான் தெரியும், வெளிச்சமும் போதாது. உலோக வெர்னியர் விளிம்பில் கீறல் போடும்; அதைப் பார்த்தால் எந்த வியாபாரியும் நாணயத்தைக் கையில் கொடுக்கமாட்டார்.

தராசை வீட்டிலேயே சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எடைக்கல் இல்லையென்றால் இப்போது சிங்கப்பூரில் புழக்கத்தில் இருக்கும் மெர்லயன் போட்ட 1 வெள்ளி (டாலர்) நாணயம் புதிதாக ஒன்றை வையுங்கள். அதன் எடை 7.62 கிராம். தராசு 7.9 காட்டினால் மின்கலத்தை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

கைத்தொலைபேசியில் உங்களிடம் ஏற்கெனவே உள்ளவற்றின் பட்டியலை, ஆண்டு, அச்சுச்சாலைக் குறி, தரம் என்ற மூன்று விவரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள் ஒரே நாணயத்தை இரண்டு முறை வாங்குவார்கள். பணத்தைச் சிறு நோட்டுகளாக எடுத்துப் போங்கள். பேநவ் (கைத்தொலைபேசிவழிப் பணப் பரிமாற்றம்) பெரும்பாலும் ஏற்கிறார்கள். ஆனாலும் 65 வெள்ளிப் பொருளுக்கு ஒரு 50, ஒரு 10 நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘60க்கு முடித்துக்கொள்ளலாமா?’ என்று கேட்பதற்கு இருக்கிற வலிமை பேநவ்வுக்குக் கிடையாது.

நேரம் நீங்கள் தேடுவதைப் பொறுத்தது. அரிய ஆண்டு நாணயமோ, குறைந்த எண்ணுள்ள ஆர்க்கிட் நோட்டோ (ஆர்க்கிட் பூ போட்ட முதல் வரிசைச் சிங்கப்பூர் நோட்டு) தேடினால் முதல் நாள் கதவு திறக்கும்போதே இருக்க வேண்டும். அதற்கும் முன்பே வியாபாரிகள் தங்களுக்குள் ஒரு சுற்று வாங்கி முடித்திருப்பார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பேரம்தான் நோக்கம் என்றால் கடைசி நாள் பிற்பகல். திருப்பிச் சுமந்துபோக விரும்பாத சரக்குக்கு அப்போது விலை இறங்கும். வெளிநாட்டிலிருந்து வந்த வியாபாரியிடம் இது இன்னும் நன்றாகப் பலிக்கும்.

முதல் சுற்றில் எதையும் வாங்காமல் எல்லா மேசைகளையும் பாருங்கள். ஒரே ஆண்டு 50 காசு மூன்று மேசைகளில் மூன்று விலையில் கிடக்கும். மேசையில் உட்காரும்போது சில நடைமுறைகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் கேட்க வேண்டும். நாணயத்தை விளிம்பில் பிடித்து, விரித்திருக்கும் துணிக்கு மேலே, இரண்டு அங்குல உயரத்துக்குள் வைத்தே பார்க்க வேண்டும். எடை போடவும் காந்தம் வைக்கவும் முன்கூட்டிக் கேளுங்கள். பருத்திக் கையுறை போடாதீர்கள், வழுக்கும். நாணயத்தின் மேல் குனிந்து பேசாதீர்கள், எச்சில் தெறித்த இடத்தில் சில மாதம் கழித்துக் கறுப்புப் புள்ளி வரும்.

மண்டபத்தின் கூரை விளக்குகள் எல்லாப் பக்கமும் பரவிய வெள்ளை வெளிச்சம் தருபவை. அந்த வெளிச்சத்தில், துணியால் தேய்த்ததால் விழுந்த மயிரிழைக் கீறல்கள் தெரியாது. மேசையில் ஒற்றை விளக்கு இருந்தால் அதன் கீழே நாணயத்தை மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். அசல் பளபளப்பு காற்றாடிபோல் சுற்றி நகரும். தேய்த்து மினுக்கிய நாணயத்தில் வெளிச்சம் ஒரே இடத்தில் அப்பிக்கொண்டு நிற்கும், கீறல்கள் ஒரே திசையில் ஓடும்.

கேள்வி: தாத்தாவின் தகரப்பெட்டியில் திரிசூலம் ஏந்திய பெண் நிற்கும் பெரிய டாலர் நாணயம் ஒன்று கிடைத்தது. 1911 என்று இருக்கிறது. அசலா என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகி, பிடோக்

பெருமளவு முடியும். உங்களிடம் இருப்பது பிரிட்டிஷ் வர்த்தக டாலர். 1895 முதல் 1935 வரை கிழக்காசிய வணிகத்துக்காக அடித்தது. பெரும்பகுதி பம்பாய் அச்சுச்சாலையில் ஆனது. ஒரு பக்கம் பிரிட்டானியா, மறுபக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் (மலாய் மொழியை எழுதும் அரபு வடிவம்). சிங்கப்பூரிலும் புழங்கிய நாணயம், போலிகளும் நிறைய உண்டு.

முதலில் ஆண்டு. 1905, 1906 ஆகிய ஆண்டுகளிலும் 1914 முதல் 1920 வரையிலும் இந்த டாலர் அடிக்கப்படவில்லை. அந்த ஆண்டு பொறித்த ஒன்றை யாராவது நீட்டினால் தராசை வெளியே எடுக்கவே வேண்டாம். உங்கள் 1911 இந்தத் தேர்வில் தேறுகிறது. பம்பாய் நாணயமானால் திரிசூலத்தின் நடுமுனையில் மிகச் சிறிய ‘பி’ எழுத்து உள்வாங்கிப் பதிந்திருக்கும். லென்ஸ் இல்லாமல் அது தெரியாது.

அடுத்தது எடையும் அளவும். சரியான எடை 26.95 கிராம், விட்டம் 39 மி.மீ. தேய்ந்த நாணயம் 26.6, 26.7 என்று குறையலாம், அது இயல்பு. 27.1க்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள். நாணயம் தேய்ந்து எடை குறையுமே தவிர அதிகரிக்காது.

மூன்றாவது, நீரில் எடை பார்க்கும் சோதனை. போலிகளில் பெரும்பாலானவற்றை இதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வையுங்கள். தராசைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். பக்கத்திலோ அடியிலோ தொடக் கூடாது. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நூலை லேசாகத் தட்டுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுக்க வேண்டும்.

இந்த டாலர் 90 விழுக்காடு வெள்ளி உலோகம், 10 விழுக்காடு செம்பு. அதன் அடர்த்தி ஏறக்குறைய 10.3. ஆகவே 26.95 கிராம் அசல் நாணயத்துக்குத் தராசு 2.61 அல்லது 2.62 காட்ட வேண்டும். செம்பு–நிக்கலில் செய்து வெள்ளி முலாம் பூசிய போலிக்கு 3.03 காட்டும். வித்தியாசம் அரை கிராமுக்கும் குறைவு என்பதால்தான் 0.1 கிராம் தராசு இந்த வேலைக்கு உதவாது.

காந்தத்தையும் பயன்படுத்துங்கள். ஒட்டினால் இரும்பு, கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் நாணயத்தை 45 பாகை சாய்த்துக் காந்தத்தை அதன் மேல் வழுக்கவிடுங்கள். வெள்ளி உலோகத்தில் மின்சுழல் உண்டாகிக் காந்தத்தைப் பிடித்து இழுக்கும், தேன் மேல் இறங்குவதைப் போல மெதுவாகப் போகும். செம்பு–நிக்கலில் சட்டென்று விழுந்துவிடும்.

இத்தனையும் தேறினாலும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. மலிவான பொதுவான நாணயங்களை உருக்கி, அரிய ஆண்டு பொறித்து, அசல் வெள்ளி உலோகத்திலேயே போலி அடிப்பவர்கள் உண்டு. அதை எடையும் அடர்த்தியும் காட்டாது. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக எழும்பாமல் சோப்புக்கட்டி மழுங்கியதுபோல் இருக்கிறதா, தளத்தில் ஊசிக்குத்துப் புள்ளிகள் இருக்கின்றனவா, விளிம்பு வரிகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1911 அரிய ஆண்டு அல்ல, அதனால் இந்த வகைப் போலிக்கு உங்களுடையது ஆளாகியிருக்க வாய்ப்புக் குறைவு.

இன்னொன்று. தளத்தில் சிறு சீன எழுத்து முத்திரைகள் குத்தியிருந்தால் அது சேதம் என்று பதற வேண்டாம். உலோகம் சரியென்று பார்த்த சீன வணிகர்கள் குத்திய ‘சாப்’ அது. பொதுவாக விலையைக் குறைக்கும். ஆனால் அதையே தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு.

விலையின் அடிமட்டம் தெரிய வேண்டுமானால்: 26.95இல் 90 விழுக்காடு, அதாவது 24.25 கிராம் தூய வெள்ளி உலோகம். அன்றைய சந்தை விலையால் பெருக்கினால் அதற்குக் கீழே விற்கக் கூடாத எல்லை கிடைக்கும்.

ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) டாலர் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1903, 1904 நாணயங்கள்தான் 26.95 கிராம், அவையும் 37 மி.மீ. விட்டம்தான். 1907இலிருந்து 20.21 கிராம். 1919, 1920இல் 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி உலோகம், அடர்த்தி 9.65 அளவில் இருக்கும். 1920 டாலரைத் தராசில் வைத்துவிட்டுப் ‘போலி’ என்று முடிவுகட்டியவர்கள் எழுதிய கடிதங்கள் இந்த மாதமும் வந்திருக்கின்றன.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. பழைய 1 காசு நாணயம் பல ஆயிரம் வெள்ளிக்குப் போகிறதாம். என் வீட்டில் ஒரு போத்தல் நிறைய இருக்கிறது.
— வாசகர், உட்லண்ட்ஸ்

ஒரு போத்தல் 1 காசு என்பது ஒரு போத்தல் 1 காசுதான். 2002இல் 1 காசு வெளியிடுவது நிறுத்தப்பட்டது. அதனால் அது செல்லாமல் போகவில்லை. 1967இலிருந்து வெளியான சிங்கப்பூர் நாணயங்களும் நோட்டுகளும் முகமதிப்புக்கு இன்றும் செல்லும். புழங்கித் தேய்ந்ததற்குக் கூடுதல் விலை கிடைப்பது அபூர்வம். விலை உள்ளவை பெரும்பாலும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பெட்டியோடு வந்த ‘புரூஃப்’ நாணயங்களும் (சேகரிப்பாளர்களுக்காகக் கண்ணாடி மெருகோடு அடித்தவை), கைபடாமல் இருந்த சிவப்புச் செம்பும்தான்.

போத்தலைக் கொட்டிப் பிரிக்க ஆசையென்றால் காந்தத்தை விட்டுப் பாருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி பொறித்த முதல் வரிசை 1 காசு 1967இல் வெண்கலம், காந்தத்தில் ஒட்டாது. 1976இலிருந்து செம்புப் பூச்சுள்ள எஃகு வந்தது, அது ஒட்டும். பிள்ளைகளுக்கு விடுமுறையில் நல்ல வேலை.

கேள்வி: என்னிடம் உள்ள ஆர்க்கிட் நோட்டுக்கு விலைப்பட்டியல் 200 வெள்ளி சொல்கிறது. கண்காட்சியில் ஒருவர் 100, இன்னொருவர் 80 தருவதாகச் சொன்னார்கள். ஏமாற்றுகிறார்களா?
— வாசகர், ஈசூன்

பட்டியல் விலை என்பது, நல்ல நிலையில் உள்ள நோட்டைக் கடையில் நீங்கள் வாங்கும் விலை. கடைக்காரர் உங்களிடம் வாங்கும் விலை அல்ல. மேசை வாடகை, ஆள் கூலி, பதிவுபெற்ற கடையானால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, விற்கும்வரை முடங்கும் பணம் எல்லாம் அந்த இடைவெளியில் இருக்கின்றன. பட்டியலில் பாதி சொல்வது இந்தத் தொழிலில் வழக்கமான ஒன்று. உடனே விற்றுப்போகும் என்று தெரிந்த சரக்குக்குக் கூடுதலாகத் தருவார்கள். அதனால் மூன்று மேசைகளிலாவது கேளுங்கள். முதலில் நீங்கள் விலை சொல்லாதீர்கள்.

ஆனால் 80க்கும் 100க்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் உங்கள் நோட்டின் நிலையாகத்தான் இருக்கும். நடு மடிப்பு ஒன்று போதும், தரம் ஓரிரு படி இறங்கிவிடும். மடிப்பை மறைக்க இஸ்திரிப் பெட்டியால் அழுத்தியிருந்தால் இன்னும் மோசம். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தால் மடிப்புக் கோட்டில் மை உதிர்ந்திருப்பது தெரியும். அழுத்திய நோட்டில் அச்சின் மேடு பள்ளம் தட்டையாகி, விரலால் வருடினால் வழவழவென்று இருக்கும். கழுவிய நோட்டு புற ஊதா விளக்கில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு வெளிறி ஒளிரலாம்.

கையெழுத்தையும் பாருங்கள். ஆர்க்கிட் வரிசையில் லிம் கிம் சான், கோ கெங் சுவீ, ஹோன் சுய் சென் ஆகியோரின் கையெழுத்துகள் உண்டு. சிவப்பு முத்திரை உள்ளதும் இல்லாததும் உண்டு. ஒரே மதிப்புள்ள நோட்டுக்கு இவற்றைப் பொறுத்தே விலை மாறும். பட்டியலில் நீங்கள் பார்த்த 200 எந்தக் கையெழுத்துக்கு என்பதை மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: வாழைமரம் போட்ட ஜப்பான் காலத்து 10 டாலர் நோட்டு ஒரு கட்டு இருக்கிறது.
— வாசகி, தெம்பனிஸ்

1945இல் ஜப்பான் சரணடைந்ததும் ஒரே நாளில் காகிதமாகிப்போன பணம். அச்சடித்ததற்கு அளவே இல்லை, அதனால் இன்றும் மலிவு. விலை உள்ளவை தொடக்கத்தில் வரிசை எண்ணோடு வந்தவை. பிறகு எண்ணை விட்டுவிட்டு எழுத்துக்குறி மட்டும் அச்சிட்டார்கள். மலாயாவுக்கானது ‘எம்’ எழுத்தில் தொடங்கும். ‘பி’ என்றால் பர்மா. கட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தை இன்றே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் உறவினரிடம் சோழர் காசும், ராமர் பட்டாபிஷேகம் போட்ட கம்பெனிக் காசும் உள்ளன. பொங்கலுக்குப் போகும்போது வாங்கிவந்து கண்காட்சியில் விற்கலாமா?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

இரண்டும் இரண்டு விதமான சிக்கல்.

சோழர் காசு முதலில். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு தொல்பொருள், கலைப்பொருள் சட்டத்தின்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே எடுத்துவர முடியாது. ‘தாத்தா சொத்து’, ‘ஒரே ஒரு காசுதானே’ என்ற பேச்சு சுங்கத்தில் எடுபடாது. செம்பு ராஜராஜன் காசுக்கு இங்கே சில பத்து வெள்ளிகளுக்கு மேல் கிடைப்பது அரிது. அதற்காகத் திருச்சி விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

வேண்டுமென்றால் இங்கேயே வாங்குங்கள். சிங்கப்பூர்க் கண்காட்சிகளில் பழைய சேகரிப்புகளிலிருந்து வந்த சோழர் செம்பு அவ்வப்போது மேசைக்கு வரும். எங்கிருந்து வந்தது என்று எழுதிய ரசீது கேளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், எடை ஏறக்குறைய 4 கிராம். அதில் உள்ள ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற எழுத்து நாகரி. ‘அழகான தமிழ் எழுத்து’ என்று புகழ்ந்து விற்பவருக்குத் தன் சரக்கே தெரியவில்லை என்று அர்த்தம். செம்பில் வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது உப்பு அரித்துக்கொண்டிருக்கும் காசு. இந்த ஊரின் ஈரத்தில் நிற்காது, வாங்காதீர்கள்.

கம்பெனிக் காசு பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறோம். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ விநாயகரோ, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 அல்லது 1616 என்ற ஆண்டும், அரை அணா, ஒரு அணா என்ற மதிப்பும் இருந்தால் அது நாணயமே அல்ல. கம்பெனி அப்படி எதையும் அடிக்கவில்லை. கோயில் வாசலில் விற்கும் வில்லைகள் அவை. ‘அரிசியை இழுக்கும்’, ‘இரிடியம் கலந்தது’ என்று லட்சக்கணக்கில் விலை பேசும் கும்பல் தமிழ்நாட்டில் பலரை மொட்டையடித்திருக்கிறது. முன்பணம் கேட்டால் போலீசுக்குப் போங்கள்.

கம்பெனியின் அசல் காசு வேண்டுமா? 1808ஆம் ஆண்டு மதராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ அச்சுச்சாலையில் அடித்த 10 காசு, 20 காசுச் செம்புகளைக் கேளுங்கள். அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. பின்னாளில் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டவை ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. சென்னைக்குப் போய்ச் சேராத அந்தக் காசு இந்தியச் சட்டத்தின் வளையத்துக்குள்ளும் வராது.

திரும்பி வரும்போது வேறு நாணயம் ஏதும் வாங்கி வந்தால்: 48 மணி நேரமோ கூடுதலாகவோ வெளிநாட்டில் இருந்தவருக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி விலக்கு, குறைவாக இருந்தால் 100 வெள்ளி. ஜொகூருக்குப் போய்விட்டு அன்றே திரும்புபவர் கவனிக்க வேண்டிய கணக்கு இது. வேலை அனுமதி, மாணவர் அனுமதி போன்றவற்றில் இங்கே இருப்பவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது.

கேள்வி: ஆல்பத்தில் வைத்திருந்த நாணயங்கள் மேல் பச்சையாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
— வாசகி, தோ பாயோ

வேண்டாம்! புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை எல்லாம் குத்துவிளக்குக்கு. நாணயத்தின் மேல்தோலோடு சேர்த்து விலையையும் உரித்துவிடும்.

பச்சைப் பிசின் உங்கள் ஆல்பத்தின் மென்மையான பிவிசி தாளிலிருந்து வந்தது. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்த்த எண்ணெய் நாளடைவில் கசியும். பிவிசி சிதைந்து அமிலமும் வெளிவரும். செம்போடு சேர்ந்து அதுதான் பச்சையாகிறது. நம் ஊர் வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். வெள்ளி உலோக நாணயத்திலும் செம்பு கலந்திருப்பதால் அதுவும் தப்பாது.

எடுக்கும் முறை: வன்பொருள் கடையில் தூய அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். இரண்டு சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்து நாணயத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்க வேண்டும், அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். முதல் கிண்ணத்தில் நாணயம் மூழ்கும்படி ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். விளிம்பில் பிடித்துத் திருப்பிப்போட்டு இன்னொரு 10 நிமிடம். பிறகு இரண்டாம் கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு முக்கு. இந்த இரண்டாவது முக்கைச் சோம்பலில் விட்டுவிட்டால், கரைந்த பிசின் காய்ந்து மெல்லிய படலமாகத் திரும்பவும் படியும். மெல்லிழைத் தாள்மேல் செங்குத்தாகச் சாய்த்து, தானாக உலரவிடுங்கள். துடைக்கவே கூடாது.

இதற்குப் பிறகும் பச்சை இருந்தால் உலோகம் அரிக்கப்பட்டுவிட்டது. அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்ணம் பூசிய நினைவு நாணயங்களை அசிட்டோனில் போட்டால் வண்ணம் கரைந்துவிடும். நோட்டுகளை அதன் அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

புதிய உறை வாங்கும்போது மடித்துப் பாருங்கள். மெத்தென்று வளைந்து, புது மழைக்கோட்டு வாடை அடித்தால் பிவிசி. மைலார் (பாலியெஸ்டர்) உறை விறைப்பாக இருக்கும், சரசரக்கும். அட்டைச் சட்டத்தில் வைத்துப் பின்னடித்தால் பின்னின் கால்களைக் குறட்டால் தட்டையாக அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாணயத்தைக் கிழிக்கும்.

இடம் என்று பார்த்தால், புகைப்படக் கருவிகளுக்கான உலர்பெட்டியை 40 முதல் 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வைப்பதே சிறந்தது. அது கைக்கு எட்டாவிட்டால் இறுக மூடும் டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஆரஞ்சு வகை பச்சையானாலோ நீல வகை இளஞ்சிவப்பானாலோ 120 பாகை அடுப்பில் இரண்டு மணி நேரம் சூடேற்றித் திரும்பப் பயன்படுத்தலாம். சமையலறை அலமாரி, குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி இரண்டும் கூடாது.

கேள்வி: கண்ணாடிபோல் தெரியும் கூட்டுக்குள் தரம் எழுதி அடைத்த நாணயங்களை நம்பி வாங்கலாமா? என்னுடையதையும் அப்படி அனுப்பலாமா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு தரநிர்ணய நிறுவனங்களும் நாணயத்துக்கு 1 முதல் 70 வரையிலான அளவில் தரம் தருகின்றன; நோட்டுக்குப் பிஎம்ஜி என்ற நிறுவனம். நம்பலாம், ஆனால் கூட்டையே போலி செய்கிறார்கள். அட்டையிலுள்ள எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் மேசையில் இருக்கும்போதே போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது, அசல் எண்ணைத்தான் திருடிப் போடுகிறார்கள். படம் இருந்தால் நாணயத்தில் உள்ள ஒரு கீறலையோ கறையையோ படத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணுக்குப் பதிலாக ‘டீட்டெய்ல்ஸ்’ என்று இருந்தால் நாணயம் அசல், ஆனால் தேய்த்திருக்கிறது அல்லது சேதமுற்றிருக்கிறது. விலை வெகுவாகக் குறைய வேண்டும்.

அனுப்புவதற்குக் கட்டணம், அஞ்சல், காப்புறுதி மூன்றையும் கூட்டுங்கள். தரம் நீங்கள் எண்ணியதைவிட இரண்டு படி குறைவாக வந்தாலும் செலவு திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காது என்றால் மைலார் உறையே போதும்.

கேள்வி: சிங்கப்பூரின் 50 ஆண்டு நிறைவுக்காக வந்த 2015 எஸ்ஜி50 நோட்டுத் தொகுப்பில் அதிபர் பெயர் பிழையாக உள்ளதாமே? அது அரிதா?
— வாசகர், பொங்கோல்

பிழை உறையில்தான். முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் பெயரில் கடைசி எழுத்து மாறி ‘யூசோக்’ என்று அச்சாகிவிட்டது. நாணய ஆணையம் மன்னிப்புக் கேட்டது. நோட்டுகளில் பெயர் சரியாகவே இருக்கிறது. ‘பிழை நோட்டு’ என்று விற்பவரிடம், நோட்டில் எங்கே பிழை என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்து வயது மகளைக் கண்காட்சிக்கு அழைத்துப் போகிறேன். 50 வெள்ளிக்குள் எதைத் தொடங்கிக் கொடுக்கலாம்?
— வாசகி, அங் மோ கியோ

வெள்ளி உலோகம், தங்கம் என்று எதுவும் வேண்டாம். தமிழ் எழுத்துள்ள பணம் என்று ஒரு தலைப்பைக் கொடுங்கள். படிக்கத் தெரிந்த எழுத்தைத் தேடுவதில் பிள்ளைகளுக்குச் சலிப்பு வராது. மேசைக்கு மேசை, எதை எடுத்தாலும் ஐந்து வெள்ளி என்ற தட்டுகளிலேயே கிடைக்கும்.

1985இல் தொடங்கிய பூ வரிசை சிங்கப்பூர் நாணயங்களில் ‘சிங்கப்பூர்’ என்று இருக்கிறது: 1 காசில் வண்டா மிஸ் ஜோக்கிம், 10 காசில் மல்லிகை, 50 காசில் அலமாண்டா. இலங்கையின் பழைய செம்புச் சதங்களில் பனை வகை மரத்தோடு தமிழ் எழுத்தும் சிங்கள எழுத்தும் 1870 முதல் உண்டு. இந்திய நோட்டின் பின்பக்க மொழிப் பட்டியலில் உள்ள 15 மொழிகளில் தமிழ் எத்தனையாவது என்று எண்ணச் சொல்லுங்கள், 13ஆவது. மொரிஷியஸ் ரூபாய் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. 1998இல் வந்த நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளியதால் அங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள். நோட்டைத் திரும்பப் பெற்று மொழி வரிசையைச் சரிசெய்து வெளியிட வேண்டியதாயிற்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவையானது, ஆனால் 1998 நோட்டு உங்கள் 50 வெள்ளியில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடலாம். அதைப் பிறந்தநாளுக்கு ஒத்திவையுங்கள்.

கூடவே 2019இல் வந்த 20 வெள்ளி இருநூற்றாண்டு நோட்டு ஒன்று. எட்டு முன்னோடிகளில் பி. கோவிந்தசாமி பிள்ளையும் அதில் இருக்கிறார். முகமதிப்பைவிட ஓரிரு வெள்ளி கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம், 40 கேட்டால் அடுத்த மேசைக்குப் போங்கள்.

லென்ஸை மகள் கையில் கொடுத்துவிடுங்கள். உறை வாங்க 8 வெள்ளியைத் தனியாக எடுத்து வையுங்கள், கடைசியில் அதற்குத்தான் பணம் இருக்காது.